இடது காதில் வெந்நீர்

புள்ளியைப் பாருங்க, தலையை ஆட்டாதீங்க, கண்ணால மட்டும் பாருங்க என்கிறாள் ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கிற இந்தப் பெண். பார்க்கிறேன். இருபத்தாறு வருஷமாக அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்ததே தலையை ஆட்டாமல் கண்ணால் பார்ப்பதற்குத்தான். இடது பக்கக் கண்ணாடி, வலது பக்கக் கண்ணாடி, படியில் தொங்குகிறவனைக் காட்டுகிற நடுக் கண்ணாடி, குறுக்கே ஓடி வருகிற ஆட்டுக்குட்டி, இத்தனையையும் ஒரே நேரத்தில் பார்த்து ஒன்பதாம் நம்பர் டவுன் பஸ்ஸை ஓட்டியவன் நான், எனக்கு இவள் பார்க்கச் சொல்லித் தருகிறாள். கோபம் இவள் மேல் இல்லை. இவள் என்ன செய்வாள், பாவம், என் மகளைவிட இரண்டு வயது கூட இருக்கலாம், சட்டையில் குத்தியிருக்கிற அட்டையில் ஷர்மிளா பானு என்று போட்டிருக்கிறது, உள்ளே வந்ததிலிருந்து உட்காருங்க சார், மெதுவா சார் என்றுதான் பேசுகிறாள். சஸ்பெண்ட் ஆன இந்த இரண்டு மாதத்தில் என்னை சார் என்று கூப்பிட்ட ஒரே ஆள் இவள்தான். முகத்தில் ஒரு பெரிய கண்ணாடியை இறுக்கி மாட்டியிருக்கிறாள், மூக்கு வலிக்கிறது, அதற்குள்ளே சின்னதாக இரண்டு கேமரா இருக்கிறதாம், கண்மணி எங்கெங்கே போகிறது என்று பார்த்துக் கோடு போடுமாம். காதுக்குள்ளே நாம் விழாமல் நிற்பதற்கென்று ஒரு உறுப்பு இருக்கிறதாம், அது கெட்டுப் போனால் கண் தன்பாட்டுக்கு ஒரு பக்கமாக இழுக்குமாம், நாமே நில் என்றாலும் நிற்காதாம். "வாய் என்ன வேணா சொல்லலாம், கண்ணு மாத்திச் சொல்லாதுங்க சார்" என்றாள். எடு அம்மணி, நல்லா எடு, எத்தனை கோடு வேணுமோ போடு, திங்கட்கிழமை டிப்போவில் நடக்கப்போகிற விசாரணையில் அந்த மேனேஜர் மேஜைமேல் நான் அதை விரித்துப் போட வேண்டும், சென்னியப்பன் குடிகாரன் இல்லை என்று என் கண்ணே எழுதிக் கொடுத்ததைப் படியுங்கள் ஐயா என்று சொல்ல வேண்டும். புள்ளி இடது பக்கம் தாவுகிறது, வலது பக்கம் தாவுகிறது. பின்னாலேயே போகிறேன்.

உள்ளே விடுவதற்கு முன்னால் ஒரு படிவம் கொடுத்தார்கள், அதிலும் அதே கேள்வி. மது அருந்தும் பழக்கம் உண்டா, இல்லையா, உண்டு என்றால் ஒரு கட்டம், இல்லை என்றால் ஒரு கட்டம். ஆடிப் பதினெட்டுக்கு மச்சினன் ஊற்றினால் ஒரு வாய் குடிக்கிறவனுக்கு எந்தக் கட்டம்? அவனுக்கு இந்த நாட்டில் கட்டமே கிடையாது. போன நாற்பத்தெட்டு மணி நேரத்தில் மது அருந்தினீர்களா என்று கீழே இன்னொன்று. வளர்மதி பேனாவைப் பிடுங்கி, "இதென்னங்க, இவிங்களும் இதையே கேக்கறாங்க" என்று இல்லை என்ற கட்டத்தைக் கிழிகிற அளவுக்கு அழுத்தி டிக் போட்டாள். என் பெண்டாட்டிக்கு என்மேல் இருக்கிற நம்பிக்கை அவ்வளவு. அவளிடமே போன மாதம் தம்பி பெண்டாட்டி கேட்டாளாம், மாமா எவ்வளவு நாளாக்கா இப்படி என்று. எப்படி? எப்படி என்றால் எப்படி? நான் பஸ் ஸ்டாண்டில் வண்டியை ஒழுங்காகக் கொண்டு வந்து நிறுத்தினேன், ஹேண்ட் பிரேக் போட்டேன், கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வந்தேன், இஞ்சினை அணைத்தேன், எல்லாம் முடித்துவிட்டுத்தான் கீழே இறங்கினேன், இறங்கும்போது தரை ஒரு பக்கமாக ஏறியது, நான் இன்னொரு பக்கமாகச் சரிந்தேன், கம்பியைப் பிடிக்கப் போனால் கம்பி அங்கே இல்லை. அப்புறம் வாந்தி. அது மட்டும்தான் எல்லாருக்கும் தெரிந்தது. டீக்கடை வாசலில் நின்றிருந்த ஒரு தறுதலை, தண்ணீர் கொண்டு வந்து கொடுக்க வேண்டும் என்று தோன்றவில்லை அவனுக்கு, போனை எடுத்து வீடியோ பிடித்தான். சாயங்காலத்துக்குள் போதையில் அரசு பஸ் டிரைவர் அட்டகாசம் என்று ஊரெல்லாம் சுற்றியது. என்ன அட்டகாசம் செய்தேன்? தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அது அட்டகாசமா? மகளின் மாமனார் போன் செய்து, உடம்பு தேவலையா என்றார், தேவலையா என்பதை அவர் இழுத்த இழுப்பில் எனக்குக் காது சுட்டது.

"இப்ப ஒரு கோடு மெதுவா நகரும் சார், அதோடயே போங்க." போகிறேன். என்னை மாட்டிவிட்டது எதிரி இல்லை, மயில்சாமி. பன்னிரண்டு வருஷம் என் வண்டியில் டிக்கெட் கிழித்த கண்டக்டர், தங்கமான ஆள், அன்றைக்கும் நல்லது செய்வதாக நினைத்துத்தான் ஓடினான். டைம் கீப்பர் ரூமில் மேனேஜர் இருந்திருக்கிறார், இவன் மூச்சு வாங்கப் போய், "அண்ணனுக்குத் தலசுத்தலுங்க சார்" என்றிருக்கிறான். முடிந்தது. எங்கள் டிப்போவில் அந்தச் சாக்கை யாரும் சொல்லலாமா? குடித்துவிட்டு டியூட்டிக்கு வருகிற ஒவ்வொருத்தனுக்கும் கண்டக்டர் போய்ச் சொல்கிற சாக்கு அதுதான். தலைசுற்றல் சார், ஸ்பேர் டிரைவர் போடுங்க சார். டைம் கீப்பரும் சிரித்துக்கொண்டே நோட்டில் தலைசுற்றல் என்றே எழுதுவார், மெமோ இல்லை, ஒன்றும் இல்லை, அவன் ஓய்வு அறையில் போய்க் குறட்டை விடுவான். இருபத்தாறு வருஷமாக அப்படித்தான். மயில்சாமி வயிற்று வலி என்று சொல்லியிருக்கலாம், நெஞ்சு வலி என்று சொல்லியிருந்தால் ஆம்புலன்ஸே வந்திருக்கும், கிறுக்கன், உள்ளதை உள்ளபடி சொன்னான். மேனேஜர் எட்டிப் பார்த்தார், வாந்தியைப் பார்த்தார், "ஓஹோ, தலைசுத்தலா" என்று சிரித்தார். ஊதிப் பார்க்கிற மெஷின் ரிப்பேர். ஊதுகிறேன் ஐயா, எங்கே வேணா ஊதுகிறேன் என்று நாக்குக் குழறச் சொன்னேன், அந்தக் குழறலையும் சேர்த்து ரிப்போர்ட்டில் எழுதிவிட்டார். எனக்கு யார் மேல் ஆத்திரம் என்று கேட்டால் முதலில் அந்தச் சிரிப்பின் மேல். அப்புறம், சொல்லத்தான் வேண்டும், ராசு டிரைவருக்காக நானே எத்தனை தடவை டைம் கீப்பரிடம் போய்த் தலைசுற்றல் சார், நான் ஓட்டறேன் சார் என்று சொல்லியிருக்கிறேன். பத்துத் தடவை இருக்கும். நல்ல காரியம் என்றுதான் நினைத்தேன். ராசு பிள்ளைகுட்டிக்காரன். இப்போது நிஜமாகவே தலை சுற்றிய ஒருத்தன் சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் நாங்களே செலவழித்துவிட்டோம்.

"கண்ணு நல்லாப் பின்தொடருதுங்க சார், சூப்பர்." சூப்பரா? எனக்குச் சுருக்கென்றது. நல்லாப் பின்தொடர்ந்தால் எப்படி, கெட்டுப் போயிருக்க வேண்டாமா, நான் கோவை வரைக்கும் வந்தது சூப்பர் என்று கேட்கவா? படுக்கச் சொன்னாள், தலைக்குக் கீழே சாய்வாக ஒரு மெத்தை, கண்ணாடிக்கு மேலே ஒரு மூடியைப் போட்டாள், இருட்டாகிவிட்டது. கண்ணைத் திறந்தே வைத்திருக்க வேண்டுமாம். இருட்டில் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருப்பது எனக்குப் புதிதில்லை, இரண்டு மாதமாக வீட்டில் அதுதான் வேலை. "இடது காதுல வெந்நீர் விடப் போறேன் சார், சூடாத்தான் இருக்கும், சுடாது. கொஞ்ச நேரத்துல உலகமே சுத்தற மாதிரி இருக்கும், பயப்படாதீங்க, ரெண்டு நிமிசத்துல நின்னுரும். அது வரைக்கும் எதாச்சும் சொல்லிக்கிட்டே இருக்கணும், மனசு சும்மா இருந்தா கண்ணு ஆடறது அமுங்கிப் போயிரும். ஊர் பேரு சொல்லுங்க, உங்களுக்குத் தெரிஞ்ச ஊரு." ஊர் பெயரா? சிரிப்பு வந்தது. ஸ்டாப் பேரு சொல்லட்டுங்களா அம்மணி என்றேன். சொல்லுங்க என்றாள். தண்ணீர் காதுக்குள் கொடகொடவென்று பாய்கிறது, ஏரி நிறைகிற சத்தம், ஏற்கெனவே அந்தக் காதில் ஒரு வருஷமாக ஒரு இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது, அதோடு இதுவும். பஸ் ஸ்டாண்ட். மணிக்கூண்டு. பழைய ஆஸ்பத்திரி. ரைஸ் மில். செட்டித்தோட்டம். பாலிடெக்னிக். ஆத்துப்பாலம். சந்தைமேடு. மில் கேட். கருங்கல் பிரிவு. பெருமாள் கோயில். எல்லாம் சொல்லி முடித்தேன், திரும்பவும் முதலில் இருந்து வந்தேன், சுற்றவில்லை. ஒன்றும் சுற்றவில்லை. கட்டில் கட்டிலாக இருக்கிறது, நான் நானாகப் படுத்திருக்கிறேன், வீட்டுக் குளியலறையில் காதில் தண்ணீர் போனால் எப்படியோ அப்படி. "சுத்துதுங்களா சார்?" என்றாள். சுத்துது என்றேன். "எந்தப் பக்கம்?" நல்லா சுத்துது அம்மணி, பயங்கரமா சுத்துது. இரண்டு மாதமாக உண்மையைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தவன், பொய் சொன்னேன், கூச்சமே இல்லாமல் கட்டிலின் விளிம்பைக்கூடப் பிடித்துக்கொண்டேன். "கண்ணு அப்படிச் சொல்லலைங்களே சார்" என்றாள் மெதுவாக.

அஞ்சு நிமிஷம் சும்மா இருக்கணும், அப்புறம் அடுத்த காது என்று மூடியைத் திறந்துவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் போய்விட்டாள். அஞ்சு நிமிஷம். போயிற்று, எல்லாம் போயிற்று. கண் மாற்றிச் சொல்லாது என்று சொன்னாளே, அது மாற்றிச் சொல்லவில்லை, சென்னியப்பனுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டது. நன்றாக இருக்கிற நாளில் எல்லாம் விழ வைக்கிற தலை, ஒரு நாள், ஒரே ஒரு நாள் சுற்று என்று கூட்டி வந்தால் கல்யாண வீட்டில் புது மாப்பிள்ளை மாதிரி அடக்கமாக இருக்கிறது. திங்கட்கிழமை மேனேஜர் இதையும் படிப்பார், குறைபாடு எதுவுமில்லை, ஓஹோ, மறுபடி அந்தச் சிரிப்பு. வெளியே பெஞ்சில் வளர்மதி உட்கார்ந்திருக்கிறாள், மடியில் பை, பைக்குள் தயிர்சாதம், வாந்தி வந்தால் என்று இரண்டு துண்டு. அவளிடம் போய் என்ன சொல்வேன்? அவள் என்னை நம்புவாள், அதுதான் கஷ்டம், ஆஸ்பத்திரியே பொய் சொல்லுது என்பாள். நான் என்ன கேட்டேன்? விருது கேட்டேனா? உடம்பு சரியில்லாதவனை உடம்பு சரியில்லாதவன் என்று சொல்லுங்கள் என்று கேட்டேன். இதற்கு ஒரு ஆளைக் காதில் தண்ணீர் ஊற்றி, கண்ணில் கேமரா மாட்டி, கட்டிலில் கிடத்த வேண்டியிருக்கிறதே, அப்பவும் கிடைக்க மாட்டேன் என்கிறதே, என்ன நியாயம் இது? பேசாமல் எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். அதற்குள் அவள் வந்து மூடியைப் போட்டுவிட்டாள்.

வலது காது. அதே வெந்நீர், அதே கொடகொட. ஸ்டாப் சொல்லுங்க சார். பஸ் ஸ்டாண்ட், மணிக்கூண்டு, சொல்ல எரிச்சலாக இருக்கிறது, பழைய ஆஸ்பத்திரி, ரைஸ் மில், ரைஸ் மில் என்னும்போது கட்டிலின் ஒரு கால் இறங்கியது. இல்லை, கட்டில் அப்படியே இருக்கிறது, நான்தான், இல்லை, இந்த அறைதான், இருட்டே சுழல்கிறது, வயிற்றுக்குள் இருந்து ஏதோ கிளம்பி நெஞ்சுக்கு வருகிறது. வந்துவிட்டது, ஐயா வந்துவிட்டது, இதுதான், இதைத்தான் சொன்னேன்! "சொல்லிக்கிட்டே இருங்க சார், நிறுத்தாதீங்க." செட்டித்தோட்டம். பாலி, பாலிடெக்னிக். அடுத்து என்ன? அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும், வாயில் வரவில்லை. "அடுத்த ஸ்டாப் சார்?" ஆத்துப்பாலம். தை மாதம் காலை எட்டுப் பத்து டிரிப், ஆத்துப்பாலத்தின் நடுவில் இப்படித்தான் பாலம் தன்னை முறுக்கிக்கொண்டது. வண்டியில் ஐம்பத்தெட்டுப் பேர். பள்ளிக்கூடப் பெண்கள் புத்தகப் பைகளை என் பக்கத்தில் இஞ்சின் மூடிமேல் அடுக்கி வைத்திருந்தார்கள், பைகள் சரிந்தன, வண்டி சட்டென்று திரும்பியதால் சரிந்தன, நான்தான் ஸ்டியரிங்கை ஒடித்தேன், எதிலிருந்து ஒடித்தேன் என்று எனக்கே தெரியவில்லை. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கை ஆணி அடித்த மாதிரி பார்த்துக்கொண்டு, மூச்சு விடாமல், கால் ஆக்சிலேட்டரில் இருக்கிறதா பிரேக்கில் இருக்கிறதா என்று தெரியாமல் பாலத்தைத் தாண்டினேன். சந்தைமேட்டில் நிறுத்திவிட்டு இறங்கி டயருக்குப் பக்கத்தில் குந்தினேன். மயில்சாமி வந்து என்னங்கண்ணா என்றான், காத்துக் கம்மியாட்டத் தெரிஞ்சுது என்றேன். ஒரு பெண் ஜன்னல் வழியே, டிரைவரண்ணா, ஸ்கூலுக்கு நேரமாச்சுங்கண்ணா என்றாள். ஏறி ஓட்டினேன். மறுநாளும் ஓட்டினேன். மாசியில் ஓட்டும்போதே ஒரு தடவை வந்தது, பங்குனிக் கடைசியில் அதே மாதிரி ஒரு தடவை வந்தது, ஒவ்வொரு தடவையும் அடுத்த நாள் போய் ஓட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை, வளர்மதியிடம்கூட இல்லை. சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும், மெடிக்கல் அன்ஃபிட், டிப்போ கேட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, உள்ளே வருகிற வண்டி நம்பரை நோட்டில் எழுதுகிற வேலை. நேற்று வந்த பையன்கள் ஓட்டிக்கொண்டு போவார்கள், நான் நம்பர் எழுத வேண்டும். என்னால் முடியாது என்று நினைத்தேன். ஐம்பத்தெட்டுப் பேரை வைத்துக்கொண்டு நினைத்தேன். "போதும் சார், போதும், இப்ப எதிர்ல இருக்கற அந்தச் சிவப்பு லைட்டையே பாருங்க, நின்னுரும்" என்று மூடியை எடுத்தாள். என் முகமெல்லாம் ஈரம், காதில் இருந்து வழிந்த தண்ணீர் என்று அவள் நினைத்திருப்பாள், பஞ்சு கொடுத்தாள்.

அப்புறம் குளிர்ந்த தண்ணீர், மறுபடி இடது, மறுபடி வலது, அதே கதைதான், இடது மரம் மாதிரி கிடந்தது, வலது ஆட்டி வைத்தது. எழுந்து உட்கார வைத்து, கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினாள். இரண்டு படம், ஒன்றில் ரம்பத்தின் பல் போலக் கோடு கோடாக எகிறியிருக்கிறது, இன்னொன்று கிட்டத்தட்ட நேர்க்கோடு. "இது வலதுங்க சார், இதுதான் நல்ல காது. நல்லா இருக்கற காதுல ஊத்தினாத்தான் சுத்தும். இடதுல சுத்தவே இல்லை பாருங்க, அந்தப் பக்கம் பேலன்ஸ் உறுப்பு கிட்டத்தட்ட வேலையே செய்யலை. அதனாலதான் விழுந்தீங்க." சுற்றாததுதான் கெட்டதா? சுற்றாததுதான் கெட்டது என்று முன்னாலேயே சொல்லக் கூடாதா, நான் அங்கே படுத்துக்கொண்டு பொய் சொல்லி, செத்துப் பிழைத்து, ஐயோ. "இது குடிச்சதனால வராதுங்களே அம்மணி?" என்றேன். "ஒரு காது மட்டும் இப்படிச் செத்துக் கிடக்கறது குடியினால இல்லைங்க சார். எழுதியே தர்றேன்." எழுதியே தருகிறாள்! எனக்கு அந்த நேர்க்கோட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. மேனேஜர் ஐயா, வாங்க, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிங்க. வீடியோ எடுத்த தறுதலையே, இதையும் அனுப்புடா எல்லாருக்கும். வளர்மதியை உள்ளே கூப்பிடட்டுமா என்று கேட்க வாயைத் திறந்தேன்.

"ஒரே ஒரு விசயம் விட்டுப் போச்சுங்க சார், டாக்டருக்கு லெட்டர்ல குறிக்கணும்" என்று அவள் பேனாவை எடுத்தாள். "வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கும்போது எப்பவாச்சும் இப்படி வந்திருக்குதுங்களா?"

"அதெதுக்கு அம்மணி?"

"அன்னிக்குக் கீழ இறங்கும்போது வந்ததுதான் முதல்னா, மாத்திரை, பயிற்சி எல்லாம் கொடுத்து ஆறு மாசம் கழிச்சுத் திரும்பப் பார்ப்பாருங்க. சில பேருக்கு மறுபடி ஓட்டக்கூட சம்மதிச்சிருக்கார். ஓட்டும்போதே வந்திருந்தா பஸ், லாரி இனிமே கொடுக்க மாட்டாருங்க."

இதைக் கேட்பதற்கு இவளுக்கு யார் அதிகாரம் கொடுத்தது? நான் குடிக்கவில்லை என்று நூறு தடவை சொன்னேன், ஒருத்தன் காது கொடுக்கவில்லை, கோடு போட்டுக் காட்டு என்றார்கள். இப்போது மட்டும் என் வாயைப் பார்க்கிறார்கள். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், இடையில் ஆறு மாதம், அப்புறம் என் சீட்டு, என் ஸ்டியரிங், எட்டுப் பத்து டிரிப். பாலத்தில் நடந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். "இதுக்கு மெஷின் இல்லையா?" என்று கேட்டேன், கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

"இதுக்கு மெஷின் இல்லைங்க சார்" என்றாள். "நீங்க சொல்றதைத்தான் எழுதுவேன்."

எனக்கு இந்த உலகத்தின் மேல் வந்த ஆத்திரம் எல்லாம் எங்கே போய் முட்டுவது என்று தெரியாமல் நின்றது. அந்த ஐம்பத்தெட்டுப் பேரும் அப்படித்தான் என்னை நம்பி ஏறி உட்கார்ந்தார்கள், ஒருத்தரும் என்னை ஊதிக் காட்டச் சொல்லவில்லை.

"மூணு தடவைங்க" என்றேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, மூன்று என்று எழுதிக்கொண்டாள்.